நானூற்றுப் பன்னிரண்டு தப்படி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குக் கடையில் பதினாறு ஜோடிக் கால்கள். செருப்புக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு முகம் ஞாபகம் இருக்காது, கால்தான். ஒரு ஆள் எட்டாம் நம்பர் காலை வைத்துக்கொண்டு ஏழுதான் வேண்டும் என்று அடம். "எனக்கு எப்பவும் ஏழுதான்மா." சரி, போட்டுக்கோ. கொப்புளம் உனக்குத்தானே.

மதியம் அச்சகக்காரர் போன் செய்தார். பக்கங்கள் தயார், பிழை திருத்தும் அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். என் புத்தகம்! 'பஸ் நிற்காத இடங்கள்.' இந்த ஊரைச் சுற்றிப் பதினெட்டு நடைகள். எங்கிருந்து எத்தனை தப்படி, எங்கே திரும்ப வேண்டும் - எல்லாம் நானே நடந்து, நானே எண்ணி, நானே எழுதியது. மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருத்தர் மட்டும் பதில் சொன்னார்: "இதையெல்லாம் போன்லயே பார்த்துக்கலாமே." கல்குவாரிக்குப் பின்னால் போகிற பாதை போனில் வருமா? வராது. அதனால் நானே போடுகிறேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற ரெண்டாவது பிரேக்கை மிதிப்பது அவள் தொழில். வீட்டிலும் அதே தொழில்தான்.

"புத்தகம் சரி. அது என்ன ஜூன்ல மலை?"

"வெளிநாடு. ஒன்பது நாள். மலையிலேயே தங்கித் தங்கி நடக்கப் போறோம்."

"முதல்ல ஒண்ணை முடி. எதை எடுத்தாலும் பாதியில விடறதே உனக்கு வேலையா போச்சு."

பாதி. காலேஜை மூன்றாம் வருஷத்தில் விட்டதிலிருந்து இந்த ஒரு வார்த்தையை நாக்கு நுனியிலேயே வைத்திருக்கிறாள். உப்பு பத்தலை என்று சொன்னால்கூட அதில் கொண்டு வந்து நிறுத்துவாள். இந்தப் புத்தகத்தை முடிக்கிறேன். அவள் மேசை மேலேயே தூக்கிப் போடுகிறேன். அப்புறம் மலை. பார்க்கட்டும்.

மார்ச் 7, சனி

ஒட்டகம் வந்திருந்தான். காலேஜில் கூடப் படித்தவன், கழுத்து நீளம், அதனால் ஒட்டகம். அவன் படிப்பை முடித்து ஒரு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். மலைக்கு அவனும் நானும்.

தரை முழுக்க வரைபடத்தை விரித்தோம். ஒவ்வொரு நாள் நடைக்கும் எத்தனை மணி நேரம் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

"முதல் நாள் நாலு மணி நேரம்."

"யாருக்கு? அது சும்மா வேடிக்கை பார்த்துட்டுப் போறவங்களுக்கு. நமக்கு மூணு."

"மூணாவது நாள் கணவாய். ஆயிரத்து நூறு மீட்டர் ஏறணும். அந்தப் பக்கம் முழுக்கச் சரளைக் கல்லு இறக்கம்."

இதைச் சொல்லும்போது அவன் வரைபடத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தான். நான் காலைத் தலையணைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"என்னடா பார்க்கற?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லையாம். ஒண்ணுமில்லாததை எதுக்குப் பார்க்கறான்?

மார்ச் 12, வியாழன்

எட்டாம் நம்பர் ஆள் திரும்பி வந்தான். நொண்டிக்கொண்டு. எட்டு கொடுத்தேன். உலகத்திலேயே எனக்கு இருக்கிற ஒரே வெற்றி.

மார்ச் 15, ஞாயிறு

என் பக்கங்கள் வந்துவிட்டன. பக்கமா அது, காயம். சிவப்பு மை, மேலிருந்து கீழ் வரை. இனிமேல் அந்தம்மா பெயர் சிவப்புப் பேனா.

ஒற்று மிகும், மிகாது - சரி, அது அவங்க வேலை, திருத்திக்கட்டும். ஆனால் நடை 4-ல் ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு:

'தண்ணீர்த் தொட்டி இரும்புக் கதவிலிருந்து 412 தப்படி. சுவரில் ஓர் இடைவெளி. அதில் நுழைந்து இடப்புறம் திரும்பவும் என்று எழுதியிருக்கிறீர்கள். 412-இல் இடைவெளி இல்லை. முழுச் சுவர். இடப்புறம் ஒருவர் வீட்டுக் குளியலறை ஜன்னல். உள்ளிருந்து திட்டினார்கள். சரிபார்க்கவும்.'

இந்தம்மாவை யார் நடக்கச் சொன்னது? கமாவைப் பார்க்கச் சொன்னால் ஊரைச் சுற்றுகிறார்! அந்த இடைவெளி வழியாக நான் எத்தனை தடவை நுழைந்திருக்கிறேன். ஆறு தடவை எண்ணியிருக்கிறேன். ஆறு தடவையும் நானூற்றுப் பன்னிரண்டு. அவங்களுக்கு எண்ணத் தெரியாததற்கு நான் என்ன பண்ண முடியும்?

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். கையில் கிளிக்கர் - விழா வாசலில் வருகிறவர்களை எண்ண வைத்திருப்பார்களே, கட்டைவிரலால் அமுக்குகிற சின்ன இரும்பு வட்டம், அது. புத்தகம் முழுக்க அதில் எண்ணியதுதான்.

இரும்புக் கதவிலிருந்து ஆரம்பித்தேன். டிக், டிக், டிக். சுவர் இடைவெளியில் நின்று பார்த்தேன்.

412.

அங்கேயே நின்று சிரித்தேன். ஒரு நாய்கூடப் பார்த்தது.

மார்ச் 19, வியாழன்

அச்சகத்தில் பெரிய சண்டை. சிவப்புப் பேனாவும் வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும், என் தோள் உயரம்தான், குரல் மட்டும் ரெண்டு ஆள் உயரம்.

"நான் போய் எண்ணிட்டு வந்துட்டேன். நானூத்திப் பன்னெண்டுதான்."

"நானும் போய் எண்ணிட்டுத்தான் எழுதினேன். சுவரா நானா, யாரு பொய் சொல்றோம்?"

"உங்க கால் குட்டை."

"குட்டைதான். ஒரு இருபது முப்பது தப்படி குறைஞ்சா ஒத்துக்குவேன். நான் நின்ன இடத்துல இருந்து உங்க இடைவெளி கண்ணுக்கே தெரியலையே!"

"பிழை திருத்தறதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டாங்க."

"இது பிழை இல்லாம வேற என்னவாம்?"

அச்சகக்காரர் நடுவில் நின்று, டென்னிஸ் பார்ப்பவர் மாதிரி தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், "யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டா நான் மெஷினை ஓட்டுவேன்" என்றார். போட்டேன். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

"எண்ணிக்கை எதையும் மாத்தக் கூடாது."

"மாத்தலை தாயே" என்றார் சிவப்புப் பேனா. "போய் யாராவது குளிக்கறப்போ எட்டிப் பார்க்கட்டும்."

மார்ச் 28, சனி

மலைக்கான காப்பீட்டு விண்ணப்பம். அது இல்லாமல் மலைத் தங்குமிடங்களில் இடம் தர மாட்டார்களாம். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை? 'இல்லை' என்று டிக் போட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஒட்டகம் வாங்கிப் பார்த்தான். அவன் கழுத்து எதற்கு நீளமாக இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இல்லன்னு போட்டிருக்க."

"ஆமா."

"கணுக்கால்ல ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ. ஏர்போர்ட் வாசல்லயே பீப் அடிக்கும் டீ. அப்பவும் இல்லன்னு சொல்லுவியா?"

"அது மூணு வருஷம் ஆச்சு. சரியாயிடுச்சு."

"அப்போ ஆமான்னு போடறதுல என்ன?"

"போட்டா டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேப்பான். டாக்டர் கணவாய் வேணாம்பான். எனக்குத் தெரியாதா?"

"தெரியுதுல்ல? அப்போ உனக்கே தெரியுது."

நான் கத்தினேன். அவனும் கத்தினான், அவன் கத்தி நான் பார்த்ததே இல்லை. ஹாஸ்டல் படிக்கட்டில் நான் விழுந்த அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் அவன்தானாம், அந்தச் சத்தம் இன்னும் அவன் காதில் இருக்கிறதாம். கல்லு இறக்கத்தில் என்னை மறுபடி தூக்கிக்கொண்டு ஓட முடியாதாம். மாத்திப் போடலைன்னா வர மாட்டானாம்.

வராதே. யார் கூப்பிட்டா? நான் தனியா போவேன். கால் என்னுது, தகடும் என்னுது!

மார்ச் 29, ஞாயிறு

அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. வரைபடம் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. மிதித்துக்கொண்டே போகிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கடையில் மதியம் ஆள் குறைவு. கதவு திறந்தது. நான் வழக்கம்போல் காலைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு காலில் பழுப்புச் செருப்பு. இன்னொரு கால் வெறுங்கால், முழுக்கச் செம்மண், பெருவிரலில் ரத்தம்.

நிமிர்ந்தேன். சிவப்புப் பேனா.

"ஆறாம் நம்பர்" என்றார். "ஒத்தைச் செருப்பு கிடைக்குமா? இடது கால் மட்டும். இன்னொண்ணு உங்க குவாரித் தண்ணியில மிதக்குது."

நடை 11. 'வேலிக் கம்பத்திலிருந்து 260 தப்படி, வலப்புறம் புதருக்குள் இறங்கவும். படிபோல் பாறை இருக்கும்.' இருக்கிறது. நான் இறங்கியிருக்கிறேன். அவர் 260 எண்ணி, வலப்புறம் புதரை விலக்கிக் கால் வைத்திருக்கிறார். படி இல்லை, பாறை இல்லை, தரையே இல்லை. நாற்பது அடிக்குக் கீழே தண்ணீர். புதரைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். செருப்பு மட்டும் போனது.

"கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு விட்டுடலாம்னுதான் நினைச்சேன். மனசு கேக்கல. இன்னொண்ணு பார்ப்போம்னு போனேன்." அவர் குரல் இப்போது ஒரு ஆள் உயரம்கூட இல்லை. "ஏம்மா, என்கிட்ட சண்டை போடுங்க, பரவாயில்ல. இதை எவனாவது வாங்கிக் கையில குழந்தையைப் புடிச்சுட்டுப் போனா?"

குனிந்து அவர் காலைத் துடைத்தேன். அது என் வேலைதானே.

"புதன்கிழமை எனக்கு லீவு. ரெண்டு பேரும் போவோம். நான் காட்டறேன்."

எனக்குத் தெரியும், எண்ணிக்கை சரி. எனக்குத் தெரியும்!

ஏப்ரல் 8, புதன்

வேலிக் கம்பத்தில் ஆரம்பித்தோம். நான் முன்னால், கிளிக்கரோடு. அவர் பின்னால், வாய்விட்டு எண்ணிக்கொண்டு.

"நூறு. நில்லுங்க. உங்களுக்கு எவ்வளவு?"

கிளிக்கரைப் பார்த்தேன். 44.

"நீங்க குட்டை" என்றேன். வாய் பழக்கம்.

"இவ்வளவு குட்டையா? நான் என்ன எறும்பா?" என் கையைப் பார்த்தார். "மறுபடி நடங்க. வேகமா வேணாம். சாதாரணமா."

நடந்தேன். டிக். டிக். டிக்.

"நில்லுங்க. நீங்க இடது கால் வைக்கறப்போ மட்டும்தான் அமுக்கறீங்க."

"இல்லையே."

"நடங்க."

டிக்.

வலது கால் வைத்தேன். கட்டைவிரல் சும்மா இருந்தது.

டிக்.

அப்படியே நின்றுவிட்டேன். ரெண்டு வருஷம். பதினெட்டு நடை. ஒவ்வொன்றும் அஞ்சாறு தடவை. என் கட்டைவிரல் ஒரு தடவைகூட வலது காலை எண்ணியதே இல்லை, அது எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நல்லா இருந்திருக்கும், திட்டியிருப்பேன். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

எங்கிருந்து வந்தது என்று தெரியும். எழுதக் கூடாது என்று நினைத்தேன். யாருக்குப் பயந்து? இதை வேற யார் படிக்கப் போறாங்க?

ஆஸ்பத்திரி வராண்டா. பச்சைக் கோடு போட்ட தரை. பிசியோதெரபிக்காரர் சொல்வார்: "இடது காலை ஊணினா ஒண்ணு. வலதை எண்ணாதீங்க, அது தானா வரும்." முதல் நாள் ஒன்பது. அழுதேன். ரெண்டாவது வாரம் நாற்பது. மூன்று மாசம் அந்த வராண்டாவில் ஒன்று ரெண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே போனேன். திரும்பி காலேஜுக்குப் போனால் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். போர்டில் இருப்பது ஒன்றுமே புரியவில்லை. படிப்பு பிடிக்கலை, விட்டுட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். கால் சரியாயிடுச்சு என்றும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். கட்டைவிரல் மட்டும் நம்பவில்லை.

காலையில் கடையில் என் ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். வலது குதிகால் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. இடது குதிகாலில் கம்பெனி பெயர்கூட அழியவில்லை. வாடிக்கையாளர் செருப்பைத் திருப்பிப் பார்த்து, "சார், நீங்க ஒரு பக்கம் சாய்ஞ்சு நடக்கறீங்க" என்று சொல்லியே தினம் நாலு ஜோடி விற்கிறேன் நான். முட்டாள். வடிகட்டின முட்டாள்.

ஏப்ரல் 11, சனி

அச்சகம். முந்நூறு பிரதியும் அச்சடித்தாகிவிட்டது. இன்னும் தைக்கவில்லை, அடுக்கு அடுக்காக இருக்கிறது.

அச்சகக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ புத்தகத்துல தப்பே இல்லம்மா. பாதி இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அந்த அடுக்கை ஒரு உதை விட்டேன். இடது காலால். உயிர் போனது.

"உக்காருங்க" என்றார் சிவப்புப் பேனா. "ஒரு வழி இருக்கு. முதல் பக்கமா ஒரு தாள் எழுதிக் குடுங்க, சேர்த்துத் தைச்சுடலாம். ஆனா சும்மா ரெண்டால பெருக்குங்கன்னு போட்டா ஒருத்தனும் மதிக்க மாட்டான், அச்சுப்பிழைன்னு தாண்டிப் போயிடுவான். நேரா அந்தக் குவாரிக்குத்தான் போவான். ஏன்னும் எழுதணும்."

"அதெல்லாம் எழுத முடியாது."

"அப்போ முந்நூறையும் கிழிச்சுப் போடுங்க. நான் ஒரு செருப்போட தப்பிச்சேன்."

கிழிச்சுப் போடு. மலை போச்சு, ஒட்டகம் போனான், இப்போ இதுவும். அக்கா சொன்னது சரின்னு ஆயிடும். எதை எடுத்தாலும் பாதி.

ஏப்ரல் 14, செவ்வாய்

எழுதினேன். கிழித்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

எழுதினேன். அக்கா வருவதற்குள் கிழித்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இதுதான். இனிமேல் மாற்ற மாட்டேன்.

'நடக்க ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள். இந்தப் புத்தகத்தில் இடது கால் மட்டும்தான் எண்ணப்பட்டிருக்கிறது. எல்லா எண்களையும் இரண்டால் பெருக்குங்கள். மூன்று வருஷத்துக்கு முன் என் இடது கணுக்கால் உடைந்தது. அந்தக் காலை எண்ணித்தான் மறுபடி நடக்கக் கற்றேன். எண்ணுவதை நான் நிறுத்தவே இல்லை என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. இதைக் கண்டுபிடித்தவர் இந்தப் புத்தகத்தின் பிழை திருத்துநர், ஒரு செருப்பைப் பறிகொடுத்து. நீங்கள் என்னைவிட உயரம் குறைவு என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். குவாரிப் பக்கம் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பாறையைக் கண்ணால் பார்த்த பிறகு கால் வையுங்கள்.'

அதே பேனாவால் விண்ணப்பத்தின் மூன்றாவது பக்கத்தை எடுத்து 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று போட்டேன். பொறுக்க முடியாமல் வரைபடத்தை உதறி மடித்து வைத்தேன். நாலு இடத்தில் கிழிந்திருந்தது. எல்லாம் என் கால் வேலை.

ஏப்ரல் 20, திங்கள்

சிவப்புப் பேனா அந்தத் தாளில் ஒரே ஒரு கமா போட்டார். வேறு ஒன்றும் தொடவில்லை.

மே 2, சனி

புத்தகம் வந்தது. அக்கா மேசை மேல் போட்டேன், நினைத்த மாதிரியே. முதல் பக்கத்தைத் திறந்தாள். ரொம்ப நேரம் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே டீ."

"சொன்னா பிரேக் போடுவ."

"போடுவேன்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்குச் சொல்லிப் புலம்பினியே, நடை நாலுல அந்தக் குளியலறை எந்த வீடு?" என்று கேட்டாள்.

மே 9, சனி

டாக்டர். நினைத்தது நடந்தது. கணவாய் கூடாது, சரளை இறக்கம் கூடவே கூடாது. மற்ற எட்டு நாளும் போகலாம், ரெண்டு கையிலும் ஊன்றுகோலோடு. ரெண்டு வருஷமாக அந்தக் கணவாய்ப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எக்ஸ்ரேயை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், முடிந்தது. நல்லா இருங்க சார்.

வெளியே வந்து ஒட்டகத்துக்குப் போன் செய்தேன். ஆறு வாரத்துக்குப் பிறகு.

"கணவாய் இல்ல" என்றேன்.

"தெரியும். நான் பார்த்து வச்சுட்டேன். மூணாவது நாள் கீழே பள்ளத்தாக்கு வழியா பஸ் போகுது."

"பஸ்ஸா? நான் யாரு தெரியுமா? 'பஸ் நிற்காத இடங்கள்' எழுதினவ!"

"இது நிக்கும்" என்றான் பாவி.

ஜூன் 13, சனி

ஏர்போர்ட் வாசல். பீப்.

ஒட்டகம் எனக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். அந்தக் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது.

ஜூன் 17, புதன்

பஸ்ஸில் வந்தேன். ஜன்னல் வழியாகக் கணவாய் தெரிந்தது. வெள்ளையாக, மேலே, யாரோ நாலு பேர் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. பஸ் டிரைவரைத் தவிர இன்றைக்கு எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஜூன் 20, சனி

இன்றைக்கு நீளமான நாள். பலகையில் நாலரை மணி நேரம் என்று போட்டிருந்தது. எங்களுக்கு ஆறு ஆனது. ஒட்டகம் எனக்காக நிற்கவில்லை, அவனுக்கே மூச்சு வாங்கியது. கால் வலித்தது. "வலிக்குது" என்று ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் உட்கார்ந்தோம், அவ்வளவுதான், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஓடையிலிருந்து தங்குமிடம் வரை, ஊன்றுகோல் பிடியோடு சேர்த்துப் பிடித்த கிளிக்கரில் எண்ணினேன். வந்து ஷூவைக் கழற்றியதும் இங்கே குறித்துக்கொண்டேன்: 3,180. பக்கத்திலேயே வழக்கம்போல ரெண்டால் பெருக்கி 6,360 என்று எழுதினேன்.

அப்புறம் கட்டைவிரலைப் பார்த்தேன். சிவந்து கன்றிப் போயிருந்தது. இடது காலை மட்டும் எண்ணின நாளெல்லாம் இப்படி ஆனதே இல்லை.

6,360-ஐ அடித்துவிட்டேன்.